ஊர்க் கல்லூரியும் யாமும்

காஞ்சியிற் பிறந்த அறிஞர் அண்ணா பட்டப் படிப்பிற்குச் சென்னை சென்றார். 1947-இல் பச்சையப்பன் அறக்கட்டளையார் காஞ்சியிலேயே கல்லூரி நிறுவினர். ஊர்க் கல்லூரியிற் பயின்று, மேற்படிப்பிற்கு இங்கு வந்த நெசவாளர் மக்களாகிய யாம், அதன் நன்மையும் இடரும் ஒருங்கே அறிந்தோம்.

கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு நிறமாதலின், மூன்று நாடாக்கள் ஓடும். நெய்வார்க்குத் துணையாள் இன்றியமையாதார். வெளியூர் சென்றிருப்பின், எம் வீட்டார் அத்துணைக்குக் கூலி கொடுத்திருப்பர். விடுதிச் செலவும் சேர்ந்திருக்கும். ஊரிலிருந்தமையால், காலையில் கரைநாடா எறிந்து, பின் வகுப்பிற்கு விரைந்தோம்.

அவ்வருகாமையே இடையூறுமாயிற்று. ஏனையோர் மாலையில் நூலகம் புக, யாம் தறிக்கு மீண்டோம். உடன்பயின்றார் சிலர் முகூர்த்த மாதங்களில் நெசவிற்கென நின்று, பின்னர் வகுப்பிற்குத் திரும்பவேயில்லை.

ஊர்க் கல்லூரி இன்றேல் யாமும் பட்டம் பெற்றிரோம். ஆயினும், கல்லூரி அண்மையிலிருப்பதால் மாணவன் முழுநேரமும் வீட்டிற்கே உரியனாகான். பெற்றோர் எம் தம்பியர்க்கு மாலைப் பொழுதையேனும் விட்டுக்கொடுப்பாராக.