முதலில் சோறு, பேச்சு பிறகு

ஆடி மாதம் திருவேற்காட்டில் கருமாரியம்மன் கோயிலைச் சுற்றிக் கூழ் மணக்கும். உணவியல் ஆலோசனைக்கு என்னிடம் பெண்ணை அழைத்துவரும் அம்மாக்களிடம் அந்த மாதத்தில் தவறாமல் ஒன்று கேட்பேன்: "விரதம் முடிஞ்சதும் எல்லாரோடவும் உட்கார்ந்து சாப்பிடுறாளாம்மா?" விரதம் இருப்பவள் அதை முடிக்கும் வேளைக்குக் காத்திருப்பாள். அனோரெக்சியா என்னும் உணவு மறுப்பு நோய் பிடித்தவள் அந்த வேளைக்குத்தான் அஞ்சுவாள். அவளுக்கு ஆடி போனாலும் விரதம் போகாது.

'குண்டாயிடுவேன்' என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்வதில்லை. 'நெஞ்சிலேயே நிக்குது மேடம்', 'வயிறு நிறைஞ்சுபோச்சு' என்பார்கள். 1995-இல் கண்டேல்வாலும் சக மருத்துவர்களும் இந்தியாவில் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். சாப்பிட மறுப்பு, வாந்தி, மெலிவு, மாதவிடாய் நிற்பது எல்லாம் இருந்தன. தன் உடலைத் தவறாகக் காணும் குணம் இல்லை. அதனால்தான் நம் வீடுகளில் இது வயிற்றுக் கோளாறாகவே நெடுநாள் பார்க்கப்படுகிறது.

அதற்குள் மூளை காய்ந்துவிடுகிறது. திட்டமிடவும், பிடித்த எண்ணத்தை விட்டு மாறவும் உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டே இருக்கும். ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மூளைக்கே போகிறது. நீரை நீக்கிவிட்டால் மூளையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. இந்த வயதில் எண்ணெயையும் நெய்யையும் விலக்கினால் நரம்பிழைகள் எதைக் கொண்டு உறை போட்டுக்கொள்ளும்? பல நாட்டு எம்.ஆர்.ஐ. படங்களைச் சேர்த்து 2022-இல் வெளியான ஆய்வில், அனோரெக்சியா நோயாளிகளின் மூளைப் புறணி மெலிந்திருந்தது. எடை ஓரளவு மீண்டவர்களிடம் அந்தக் குறைவு சிறிதாக இருந்தது. என் தொழிலில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய நற்செய்தி இதுதான்.

பட்டினியே மனதை மாற்றும். 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப் பட்டினியில் வைத்தார். எரிச்சலும் சோர்வும் அவர்களைப் பிடித்தன; சிலர் சமையல் புத்தகம் சேர்த்தார்கள். இங்கே வரும் பெண்ணும் நாள் முழுக்கச் சமையல் வீடியோ பார்ப்பாள், தம்பிக்குத் தோசை வார்த்துப் போடுவாள், தான் ஒரு வாய் வைக்கமாட்டாள். அது திமிர் இல்லை, பசித்த மூளை.

ஆகவே தட்டின் முன் வாதம் வேண்டாம் என்பேன். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பவழி சிகிச்சையும் உணவுப் பொறுப்பை முதலில் பெற்றோரிடம்தான் தருகிறது. அம்மா பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து, "இதுதாம்மா உனக்கு மருந்து, நான் இங்கயே இருக்கேன்" என்றால் போதும். அழுவாள், தட்டைத் தள்ளுவாள். உட்கார்ந்தே இருங்கள். எடை ஏறும்போது பாட்டியோ சித்தியோ 'நல்லா சதை போட்டுட்டே' என்று சொல்லாமல் காப்பதும் இந்த வைத்தியத்தில் சேரும்.

ஒன்றில் மட்டும் அவசரம் கூடாது. மிகவும் மெலிந்தவளுக்குத் திடீரென நிறைய ஊட்டினால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் தடுமாறலாம். அவளுக்கு மருத்துவமனையில், இரத்தப் பரிசோதனையோடுதான் உணவைக் கூட்ட வேண்டும்.

வளரும் வயதில் எடை ஏறாமல் நின்றாலே அழைத்து வாருங்கள். பரீட்சை முடியட்டும் என்று தள்ளாதீர்கள். மயக்கம் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416, டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.