சுவரில் எழுதிய வெற்றி

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்னர், எங்கள் பள்ளியின் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் காற்பந்துக் குழு நகரத்துப் பெரிய பள்ளி ஒன்றை இரண்டுக்கு ஒன்று என்ற கோல் கணக்கில் வென்றது. மறுநாட் காலையில், விளையாட்டுக் கருவிகள் வைக்கும் அறையின் சுவரில் ‘உலக வெற்றியாளர்’ என்று வெண்கட்டியால் பெரிதாக எழுதியிருக்கக் கண்டேன். எழுதியவன் யாரென்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதினொரு பேரும் கையைத் தூக்கியிருப்பார்கள். வாளியில் நீர் கொணரச் செய்து, அவர்கள் கையாலேயே அதனை அழிக்கச் செய்தேன். மாவட்டப் போட்டியில் முதற் சுற்றைக்கூடத் தாண்டாத நாம் உலகைப் பற்றிப் பேசுவது தகுமா என்று சபைக்கூடலில் அறிவுரையும் கூறினேன். தலைமையாசிரியர் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாகவே அன்று எண்ணியிருந்தேன்.

அதன் பின்னர்தான் ரென்டன் என்னும் ஊரைப் பற்றிப் படிக்க நேர்ந்தது.

ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியில் லோமண்ட் ஏரியிலிருந்து புறப்பட்டு, சில கல் தொலைவே ஓடி, டம்பார்ட்டன் நகரருகே கிளைடு ஆற்றில் கலக்கும் சிற்றாறு லீவன். அதன் கரையில் அமைந்த சிற்றூரே ரென்டன். ஆங்கில நாவலாசிரியர் டோபையாஸ் ஸ்மாலெட் 1721இல் பிறந்தது இவ்வூரை ஒட்டிய டால்கர்ன் என்னுமிடத்தில். ஆயினும் ஊரை வாழவைத்தவை சாய ஆலைகளே. லீவன் ஆற்றின் நீர் தெளிந்தது, மென்மையானது. அந்நீரில் பருத்தி நூலையும் துணியையும் தோய்த்து, ‘துருக்கிச் சிவப்பு’ எனப்படும் மங்காத செந்நிறம் ஏற்றினார்கள். அந்தச் சிவப்பு பெருமளவில் கப்பலேறியது இந்தியாவுக்குத்தான். வாங்குவோரின் கண்ணைக் கவரும் பொருட்டு, நம் தெய்வங்களின் உருவங்களை அச்சிட்ட வண்ணச் சீட்டுகளை ஆலைக்காரர்கள் அச்சரக்குகளில் ஒட்டி அனுப்பினார்கள். சாயவேரால் செந்நிறத் துணி செய்து கடல் கடந்து விற்றவர்கள் சோழமண்டலக் கரையோர நெசவாளரும் சாயக்காரரும். அவர்கள் நாட்டிற்கே ஸ்காட்லாந்துச் சிவப்பு வந்திறங்கியதை என்னவென்பது! அது தனிக் கதை. இங்கே அதற்கு இடமில்லை.

அந்த ஆலைத் தொழிலாளர் ஊரில் 1872ஆம் ஆண்டு ஒரு காற்பந்துக் குழு தோன்றியது. அக்காலத்தில் லீவன் பள்ளத்தாக்கு காற்பந்தின் விளைநிலமாக விளங்கிற்று எனலாம். பக்கத்து ஊரான அலெக்சாந்திரியாவின் ‘வேல் ஆஃப் லீவன்’ குழு 1877, 1878, 1879 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து ஸ்காட்டியக் கிண்ணத்தை வென்றது. டம்பார்ட்டன் 1883இல் வென்றது. 1885இல் வேல் ஆஃப் லீவனைத் தோற்கடித்து ரென்டன் அதே கிண்ணத்தைத் தன் ஊருக்குக் கொண்டு சென்றது. ஒருவர் காலை உணவு முடித்து நடக்கத் தொடங்கினால் மதியத்துக்குள் இம்மூன்று ஊர்களையும் பார்த்துவிடலாம். கிளாஸ்கோ போன்ற மாநகர் அருகிலிருக்க, ஆற்றங்கரை ஊர்கள் மூன்று நாட்டின் கிண்ணத்தைத் தமக்குள் கைமாற்றிக்கொண்டிருந்தன.

1888ஆம் ஆண்டின் இறுதியாட்டத்தில் ரென்டன், கேம்பஸ்லாங் குழுவை ஆறுக்கு ஒன்று என்று வீழ்த்தியது. அதே ஆண்டு இங்கிலாந்தின் கிண்ணத்தை வென்றிருந்த குழு வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன். இரண்டும் மே மாதம் 19ஆம் நாள் கிளாஸ்கோவின் ஹேம்ப்டன் திடலில் மோதின. ரென்டன் நான்குக்கு ஒன்று என்று வென்றது. காற்பந்து முறையாக ஆடப்பட்ட நாடுகளே அந்நாளில் மிகச் சில. அவற்றுள் முதன்மையான இரண்டின் கிண்ணங்களை வென்ற குழுக்கள் மோதியதால், வென்றவரே உலக வெற்றியாளர் என்று கொள்ளப்பட்டனர். ரென்டன் மக்கள் தங்கள் டான்டீன் திடலில் ‘உலக வெற்றியாளர்’ என்றே பலகை எழுதி மாட்டினார்கள்.

இவ்விடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் வாளா இருந்தேன். அவர்கள் ஊரில் வாளியோடு வந்து நிற்கத் தலைமையாசிரியர் எவரும் இல்லை போலும்!

ஆனால் அந்தப் பலகையின் வண்ணம் காயும் முன்பே வீழ்ச்சி தொடங்கிவிட்டது. அந்த வெற்றிக்குப் பின் ஒன்பதே நாளில், மே 28ஆம் நாள், கிளாஸ்கோவில் புதிதாகத் தோன்றிய செல்டிக் குழு தன் முதல் ஆட்டத்தை ஆடி ரேஞ்சர்ஸ் குழுவை ஐந்துக்கு இரண்டு என்று வென்றது. செல்டிக்கின் வரலாற்றில் முதல் கோலை அடித்தவர் நீல் மெக்கல்லம். அவர் ரென்டனின் ஆட்டக்காரர். ரென்டனின் நடுக்காவலரும், அக்குழுவின் உயிர்நாடியுமாகிய ஜேம்ஸ் கெல்லியும் அன்று செல்டிக் உடையில் ஆடினார். இருவரும் பின்னர் அங்கேயே தங்கிவிட்டனர். கெல்லி செல்டிக்கின் தலைவராகிப் பின்னாளில் அக்கழகத்தின் நிர்வாகத் தலைமையையும் ஏற்றார். 1967இல் செல்டிக் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றபோது அக்கழகத்தின் தலைவராக வீற்றிருந்தவர் இந்தக் கெல்லியின் மகனே. ரென்டன் வளர்த்த பிள்ளையின் புகழ் எங்கோ சென்று கனிந்தது.

கெல்லியைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஸ்காட்லாந்தில் அந்நாளில் ஆட்டத்துக்குச் சம்பளம் பெறுவது குற்றம். இங்கிலாந்திலோ 1885 முதலே அதற்கு இசைவு உண்டு. சாய ஆலைக் கூலியால் வாழும் இளைஞனை வடக்கு இங்கிலாந்தின் குழுக்கள் வெளிப்படையாக அழைத்தன. கிளாஸ்கோவின் குழுக்கள் மறைவாக அழைத்தன. சம்பளம் வாங்காமல் ஆடுவது பெருமைதான். ஆனால் அப்பெருமையைக் கட்டிக் காப்பதற்கு வசதியும் வேண்டும். அக்கொள்கையின் காவலராக விளங்கிய குயின்ஸ் பார்க் குழுவினர், வாரக் கூலியை எண்ணி வாழ்ந்தவர்கள் அல்லர். அவர்கள் அக்கொள்கையை 2019 வரை கைவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி நான் சொல்லப்போவதே என்னை மிகவும் வருத்திய பகுதி. ஸ்காட்லாந்திலும் ஒரு லீக் அமைய வேண்டும் என்று 1890ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பிற குழுக்களுக்கு மடல் எழுதி அழைத்தவர் ரென்டனின் செயலாளர் பீட்டர் ஃபேர்லி. அந்த மடலின் பயனாக ஆகஸ்டு மாதத்தில் லீக் தொடங்கியது. முதல் நாளிலேயே ரென்டன், செல்டிக்கின் திடலுக்குச் சென்று நான்குக்கு ஒன்று என்று வென்றது. இன்றைய ஏடுகளில் தேடினால் அவ்வெற்றி கணக்கில் இல்லை.

நடந்தது இதுதான். எடின்பரோவின் செயின்ட் பெர்னார்ட்ஸ் குழு, ஆட்டக்காரருக்கு மறைவாகப் பணம் கொடுத்தது என்று தடை செய்யப்பட்டது. தடையிலிருந்த அக்குழு ‘எடின்பரோ செயின்ட்ஸ்’ என்று பெயரை மாற்றிக்கொண்டு ரென்டனுடன் ஓர் ஆட்டம் ஆடிவிட்டது. பெயர் மாற்றம் யாரையும் ஏமாற்றவில்லை. சங்கம் ரென்டனையும் தடை செய்தது. ஐந்து லீக் ஆட்டங்கள் ஆடியிருந்த நிலையில் குழு வெளியேற்றப்பட்டு, அவ்வைந்தின் முடிவுகளும் நீக்கப்பட்டன. லீக்குக்கு வித்திட்ட குழுவே அதன் முதலாண்டுப் பட்டியலில் இல்லாமற் போயிற்று!

விதி விதிதான்; ரென்டன் செய்தது தவறுதான். முப்பது ஆண்டுகள் மாணவர்க்கு விதிகளைச் சொல்லிக்கொடுத்தவன் நான். வேறு எப்படிச் சொல்வேன்? எனினும், மறைவில் பணம் கொடுத்தோர் பலரிருக்க, தண்டனையின் முழுப் பாரமும் ஒரு சிற்றூரின் தலைமீது இறங்கியதைப் பார்க்கும்போது மனம் ஒப்பவில்லை. ரென்டன் நீதிமன்றம் சென்று வழக்காடி, மறு ஆண்டில் லீக்குக்குத் திரும்பியது. 1893இல் ஸ்காட்லாந்துச் சங்கமே சம்பள ஆட்டத்துக்கு இசைவளித்தது. எது குற்றமோ அது மூன்றே ஆண்டில் முறையாகிவிட்டது. ஆனால் முறையானபின், பணம் உள்ளவனுக்கே அதனால் பயன். மாநகரக் குழுக்கள் பல்லாயிரவர் கூடும் திடல்களில் நுழைவுச்சீட்டு விற்றன. ரென்டன் ஊர் முழுவதும் திரண்டு வந்தாலும் சில ஆயிரம் பேருக்கு மேல் தேறாது.

1894இல் ரென்டன் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிற்று. அடுத்த ஆண்டே, எவரும் எதிர்பாராத வகையில், ஸ்காட்டியக் கிண்ண இறுதியாட்டத்துக்கு வந்து நின்றது. எதிரணி எது தெரியுமா? அதே செயின்ட் பெர்னார்ட்ஸ்! ஐந்தாண்டுகளுக்கு முன் இவ்விரு குழுக்களும் சேர்ந்து ஆடியதே குற்றமாக இருந்தது. இப்போது நாட்டின் கிண்ணத்துக்காக ஊரறிய மோதின. செயின்ட் பெர்னார்ட்ஸ் இரண்டுக்கு ஒன்று என்று வென்றது.

அதன்பின் சொல்வதற்கு அதிகமில்லை. 1897ஆம் ஆண்டுப் பருவத்தில் நான்கு ஆட்டங்கள் ஆடியதும், பணமுடையால் லீக்கை விட்டு விலகிற்று. 1922இல் குழுவே கலைந்தது. வேல் ஆஃப் லீவனும் லீக்கில் நிலைக்கவில்லை. 1891–92 பருவத்தின் இருபத்திரண்டு ஆட்டங்களில் ஒன்றையும் வெல்லாமல் வெளியேறியது. டம்பார்ட்டன் மட்டும் எழுந்தும் விழுந்தும் இன்றளவும் லீக்கில் ஆடிவருகிறது. சாய ஆலைகளும் மறைந்துவிட்டன.

‘உலக வெற்றியாளர்’ கிண்ணம் ஹேம்ப்டனில் உள்ள ஸ்காட்லாந்துக் காற்பந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தில் பார்த்தேன். எளிய தோற்றமுடைய கிண்ணம். எங்கள் பள்ளியின் அலமாரியில் வைத்தால்கூட எவர் கண்ணையும் உறுத்தாது.

அன்று சுவரைக் கழுவிய சிறுவர்களுள் ஒருவன் இப்போது தலைநகரில் ஒரு கழகத்தின் இளையோர் குழுவில் ஆடுகிறான். சென்ற தீபாவளிக்கு ஊர் வந்தபோது என்னைப் பார்க்க வந்தான். ரென்டனின் கதையை அவனுக்குச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “அந்தப் பலகையை யாரும் அழிக்கச் சொல்லலையா ஐயா?” என்றான்.