துலக்கலும் அழித்தலும்

மாசி மகம் அண்மிக்கும் நாள்களில், மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலைச் சூழவுள்ள தமிழர் இல்லங்களிலே குத்துவிளக்கும் செம்பும் புளியும் சாம்பலுமிட்டுத் துலக்கப்பெற்றுப் பொன்னென மின்னும். ஐந்து தேர்கள் வீதியுலா வரும் பெருவிழாவுக்கு இல்லத்தைத் தூய்மை செய்தல் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அவ்வழக்கத்தைக் குறைகூறுவார் எவருமிலர். ஆயின், விளக்குக்குப் பொருந்துவது பழம் பதக்கத்துக்கும் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

மாத்தளைத் தோட்டமொன்றில் வாழும் குடும்பத்தில் இவ்வினா எழுந்தது. முதலாம் உலகப் போரில் இந்தியப் படையிற் பணியாற்றி, பின்னர் இலங்கை வந்து சேர்ந்த பூட்டனாரின் வெள்ளிப் பதக்கம் கறுத்துக் கிடந்தது. திருநீறிட்டுத் தேய்த்து, சட்டமிட்டுச் சுவரில் மாட்ட விரும்பினான் பேரன். "வேணாம் ராசா, மாமா வச்சிட்டுப் போனது போனபடி இருக்கட்டும்" என்றார் அப்பாயி. இருவர் கூற்றிலும் அன்பு உண்டு. எது தக்கது என்பதை உலோகத்தின் இயல்பே உணர்த்தும்.

காற்றிலுள்ள கந்தகச் சேர்வைகள் வெள்ளியோடு கூடும்போது வெள்ளிச் சல்பைட்டு என்னும் கரும்படலம் உண்டாகின்றது. அது வெறுமனே வெளியிலிருந்து வந்து படிந்த அழுக்கன்று. பதக்கத்தின் வெள்ளியே அவ்வுருக் கொண்டுள்ளது. ஆகவே, கறுப்பைத் தேய்த்தெடுப்போர் வெள்ளியையும் தேய்த்தெடுக்கின்றனர். ஒருமுறை தேய்த்தால் இழப்புச் சிறிது. ஆண்டுதோறும் தேய்த்தால் உருவமே மழுங்கும்.

1914 முதல் 1920 வரையான பணிக்கு வழங்கப்பட்ட பிரித்தானியப் போர்ப் பதக்கத்தின் ஒரு புறத்தில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலை உண்டு. மன்னரின் கன்னம் தேய்வதால் நமக்குப் பெரிதும் இழப்பில்லை. அதன் விளிம்பிலேயோ பெற்றவரின் இலக்கமும் பெயரும் படைப்பிரிவும் நுண்ணெழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. அவை தேய்ந்தால் அப்பதக்கம் யாருடையது என்பதே மறையும். படைவீரர்க்கு வெள்ளியில் வழங்கப்பட்ட இப்பதக்கம், இந்தியத் தொழிலாளர் படையினர்க்கு வெண்கலத்தில் வழங்கப்பட்டது. அவ்வேறுபாட்டை உரைக்கும் சான்றும் அவ்வுலோகமே.

தூய்மை செய்தல் எக்காலத்தும் தவறென்பதன்று. இதே மாவட்டத்துச் சீகிரியாவிற் கிடைத்த உரோமச் செப்பு நாணயங்கள் போன்றவற்றை மண்ணும் களிம்பும் மூடியிருப்பின், அவற்றை நீக்காது எழுத்தைப் படித்தல் அரிது. வெண்கலத்திற் பொடியாக உதிரும் வெளிர்பச்சைப் புள்ளிகள் தோன்றின், குளோரைட்டினால் விளையும் அந்நோயைத் தடுத்தே ஆகவேண்டும். இவை ஆய்வுகூடத்தார் செய்யவேண்டிய பணிகள். வீட்டிலிருப்போர் செய்யத்தக்கது வேறு: மென்துணியால் தூசி அகற்றுதல், விரலாற் பரப்பைத் தொடாமை, கந்தகம் விடும் இறப்பரையும் கம்பளியையும் விலக்குதல், அமிலமற்ற தாளிற் பொதிந்து ஈரமற்ற இடத்தில் வைத்தல். சுவரில் மாட்ட ஒரு நிழற்படம் போதும்.

மலையகத் தமிழர்க்கு இது வெறும் அழகு பற்றிய வினாவன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தை அல்லது பாட்டன், பூட்டன் இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டபோது, பிறப்புப் பதிவற்றோர் பலர் நாடற்றோராயினர். பதக்கம் அன்று அவர்களுக்குக் குடியுரிமை தந்திராது என்பது உண்மையே. எனினும், எழுத்திலே பெயர் இல்லாமையின் துயரை அறிந்த சமூகம், விளிம்பிலுள்ள ஒரு பெயரைத் தன் கையாலேயே தேய்த்தழித்தல் தகுமோ? விளக்கு ஒளிர்வதற்கென உள்ளது, அதனைத் துலக்குவோம். பதக்கம் சான்றுரைப்பதற்கென உள்ளது. அது கறுத்தேனும் உரைக்கட்டும்.