கோட்டைக்கு வடக்கே: திருகோணமலை வரலாற்றின் மறுபுறம்

திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் துறைமுக வாயிலிலே நின்றுகொண்டு எழுதினர். 1620களின் தொடக்கத்திற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1672இற் பிரெஞ்சுக் கப்பற்படை குடாவினுட் புகுந்தது. 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே கோட்டை இருமுறை கைமாறியது. ஜனவரியில் ஆங்கிலேயர் பெற்றதனை ஓகஸ்டிற் பிரெஞ்சுத் தளபதி சுவ்ரேன் பறித்துக்கொண்டார். பின்னர் ஒல்லாந்தரிடம் மீண்ட அக்கோட்டையை 1795இல் ஆங்கிலேயர் வென்று, 1803இல் அதற்குப் பிரெட்றிக் கோட்டை எனப் பெயருஞ் சூட்டினர்.

இத்துணைப் போட்டிக்குங் காரணம் வெளிப்படையானது. வடகீழ்ப் பருவக்காற்று வீசுங் காலத்திற் சோழமண்டலக் கரையில் மரக்கலங்கள் ஒதுங்குதற்கு இடமில்லை. சென்னையை ஆள்வோர்க்கும் புதுச்சேரியை ஆள்வோர்க்கும் ஆழமும் அடைவும் ஒருங்கேயுடைய இக்குடா வேண்டியதாயிற்று. அத்தேவை இருபதாம் நூற்றாண்டிலும் ஓய்ந்திலது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைக் குண்டு வீசித் தாக்கின. 1957இற் கடற்படைத் தளம் இலங்கையரசிடம் ஒப்படைக்கப்பட்டது. பிரித்தானியர் சீனன்குடாவில் விட்டுச்சென்ற எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி இந்தியாவும் இலங்கையும் 2022 ஜனவரியிலுங்கூட உடன்படிக்கை செய்துகொண்டன.

இவையெல்லாம் உண்மையே. ஆயினும், இவை நகரைப் பறித்தோர் வரலாறேயன்றி நகரைத் தாங்கினோர் வரலாறன்று. தாங்கினோரை அறிய விரும்புவோன் கோட்டை வாயிலை விட்டு நீங்கி, புல்மோட்டை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்லுதல் வேண்டும். நிலாவெளியைக் கடந்ததும் களப்புக் கடலோடு கலக்கும் முகத்துவாரம் எதிர்ப்படும். அதுவே இறக்கக்கண்டி. போர்க்கப்பல்கள் நாடிவந்த ஆழம் இங்கில்லை. வள்ளமும் தோணியுமே இதன் கலங்கள். தமிழரும் முஸ்லிம்களும் மீன்பிடித்தும் பயிர்செய்தும் வாழும் கரை இது. போருக்குப் பின்னர் இவ்வீதி பிரான்சின் நிதியுதவியுடன் புனரமைக்கப்பட்டது. சுவ்ரேனின் நாட்டவர் வீதியமைக்க வந்தமை வரலாற்றின் சிறு நகைச்சுவை எனலாம்.

இக்கரையின் செல்வம் கல்லிலே உள்ளது. இறக்கக்கண்டிக்கு அணித்தான நிலாவெளியிற் பிள்ளையார் கோயிலருகே கிடைத்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டை 1970களில் செ. குணசிங்கம் ஆராய்ந்து வெளியிட்டார். கோணபர்வதத்து இறைவனுக்கு 250 வேலி நிலம் வழங்கப்பட்ட செய்தியை அது கூறுகின்றது, நிலத்தின் எல்லைகளையும் வகுத்துரைக்கின்றது, கிழக்கெல்லை கடல். மலையுச்சியில் விளக்கெரிந்ததும் அமுது படைக்கப்பட்டதும் இந்நிலத்தின் விளைவாலேயாம். கந்தளாய்க் குளத்தையும் அதன் வயல்களையும் கோயிலோடு பிணைத்து, ஊர்தோறும் உரிய தொழும்புகளை வகுத்துரைக்கும் குளக்கோட்டன் மரபும் இதனையே வேறு வாய்மொழியிற் கூறுகின்றது. அம்மரபைத் தாங்கிய கோணேசர் கல்வெட்டு என்னும் நூலை வெறும் கோயிற் புராணமென ஒதுக்குவார் உளர். நிலாவெளிக் கல்லை அருகில் வைத்துப் படிப்பார்க்கு அந்நூலின் பொருளியல் புலப்படாமற் போகாது.

வடக்கே மேலுஞ் சென்றால் திரியாய். அங்குள்ள குன்றிலே பௌத்த சேதியமொன்று உளது. அதனைப் போற்றும் பாறைக் கல்வெட்டின் மொழி வடமொழி. எழுத்தோ பல்லவர் கிரந்தத்தை ஒத்தது. சேதியத்தோடு இணைத்துக் கூறப்படுவோர் வணிகர். அச்சேதியத்தின் பெயர் கிரிகண்டி. நிலாவெளிக் கல்வெட்டிலும் கிரிகண்டவென ஒலிக்கும் ஊர்ப்பெயர் வருகின்றது. இவ்விரண்டோடும் இறக்கக்கண்டியை இணைத்துவிட எவர்க்கும் ஆசை எழும். எனினும், ஒலியொப்புமை ஒன்றே சான்றாகாது. கண்டியென முடியும் ஊர்கள் ஈழத்திற் பலவுள. ஊர்ப்பெயரைப் பிடித்துக்கொண்டு உரிமை கோரும் பழக்கம் இம்மாவட்டத்திற் போதிய கேட்டினை விளைத்துவிட்டது.

ஈண்டுத்தான் சிக்கல் எழுகின்றது. கோகர்ணத்துத் தேவாலயத்தை மகாசேனன் அழித்தானென மகாவம்சம் கூறுவதை ஒரு சாரார் எடுத்துக்காட்டுவர்; ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் கோணமலைக்குப் பதிகம் பாடியமையை மற்றொரு சாரார் எடுத்துக்காட்டுவர். இரு தரப்பாரும் தத்தமக்கு முன்னர் எவருமிலர் என்பதை நிறுவவே முயல்கின்றனர். கற்கள் அத்துணை எளிதில் எவர்க்கும் பணிவதில்லை. நகருக்கு வடமேற்கே பெரியகுளத்தருகேயுள்ள வெல்கம் விகாரை இதற்குத் தக்க சான்று. சோழராட்சியில் இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர்பெற்ற அப்பௌத்தப் பள்ளிக்குத் தமிழர் விளக்கும் பசுவும் வழங்கியமையை ஆங்குள்ள தமிழ்க் கல்வெட்டுக்கள் குறிக்கின்றன. தமிழரெல்லாம் சைவர், பௌத்தரெல்லாம் சிங்களவர் என எண்ணிப் பழகிய இக்கால வாசகன் அக்கற்களின் முன் சற்றுத் தடுமாறுவான். அத்தடுமாற்றம் நன்று. அதனை மறைத்து எழுதப்படும் நூல், எம்மொழியிலாயினும், வழக்குரையேயன்றி வரலாறாகாது.

வழக்குரைகள் ஏட்டளவில் நின்றிருந்தாற் கவலையில்லை. 1980களின் நடுப்பகுதி தொட்டு நகருக்கு வடக்கேயுள்ள இக்கரையூர்கள் போரினாற் பலமுறை வெறுமையாயின. தமிழருஞ் சென்றனர், முஸ்லிம்களுஞ் சென்றனர். ஊர் வெறுமையானபோது குளத்தின் பெயரையும் வயற்கண்டத்தின் எல்லையையும் நினைவில் வைத்திருந்தோரும் சிதறினர். நிலாவெளிக் கல் கூறும் ஊர்களை இன்று நிலத்திற் காட்டுதல் அரிதாயிருப்பதற்குப் பழமை மட்டுமே காரணமன்று. கல்வெட்டைப் படிப்பித்தற்கு ஆசிரியன் போதும்; அது கூறும் எல்லையைக் காட்டுதற்கு அவ்வூரிலே உழுத ஒருவன் வேண்டும்.

கிழக்கெல்லை கடல் எனக் கல்லிற் பொறிக்கப்பட்ட அவ்வெல்லையை 2004 டிசம்பர் 26ஆம் நாட்காலை கடலே கடந்தது. நிலாவெளியும் இறக்கக்கண்டியும் உயிர்களையும் வீடுகளையும் வள்ளங்களையும் இழந்தன. போரினால் ஒருமுறைக்கு மேற் பெயர்ந்து மீண்டோர் பலர் கடலினால் மறுபடியும் பெயர்ந்தனர். கரைக்குத் திரும்பியோர் முதலிற் செய்தவற்றுள் ஒன்று, மணல் மூடிய வளவுகளில் வேலிக்கதியால் நட்டு எல்லை காண்பதாயிருந்தது.