பாலம் ஒரு பக்கம்தான் உடைஞ்சிருந்தது

2022 டிசம்பர்ல ஒரு பையனோட சளிப் பரிசோதனை ரிசல்ட்டை நூத்தி நாப்பது பேருக்கு நானே அனுப்பிட்டேன். வேணும்னு பண்ணலை. கேம் விளையாடிட்டு இருந்தேன்.

சிரிக்காதீங்க, முழுசா படிங்க. கொஞ்சம் நீளமான இழை. அந்தப் பையன்கிட்ட கேட்டு, அவன் சரின்னு சொன்னப்புறம்தான் எழுதறேன். அவன் ஊரு, கம்பெனி, கேம்ல வெச்சிருந்த பேரு எதுவும் இதுல வராது.

நான் திருப்பூர் பக்கம் அரசு மருத்துவமனை டாக்டர். 2020 கொரோனா வார்டு டூட்டி முடிஞ்சு தனியா ரூம்ல கிடந்தப்போ என் சித்தி பையன்தான் மைன்கிராஃப்ட்டை இறக்கிக் குடுத்தான். கட்டை கட்டையா அடுக்கி வீடு, கோட்டை, ஊர் கட்டுற விளையாட்டு. அந்த வருஷம் செப்டம்பர் 2ஆம் தேதி பப்ஜி மொபைலைத் தடை பண்ணாங்க. இங்க பனியன் கம்பெனிகள்ல வேலை செய்யற பசங்களுக்கு ராத்திரிப் பொழுது திடீர்னு காலியாப் போச்சு. சித்தி பையன் பழைய கம்ப்யூட்டர் ஒண்ணுல சர்வர் போட்டான். பத்துப் பேரா ஆரம்பிச்சது, கட்டிங் டேபிள்ல ஒருத்தன் சொல்லி, ஓவர்லாக்ல இன்னொருத்தன் சொல்லி வளர்ந்துச்சு.

யார்கிட்டயும் கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் போன்தான். போன்ல ஓடற மைன்கிராஃப்ட்டும் கம்ப்யூட்டர்ல ஓடறதும் ஒண்ணோட ஒண்ணு நேரடியாப் பேசாது. நடுவுல கெய்சர்னு ஒரு மொழிபெயர்ப்பாளர் மாதிரி மென்பொருள் வெக்கணும். அப்படிப் போன்ல இருந்து வர்றவங்க பேருக்கு முன்னாடி ஒரு புள்ளி விழும். எங்க சர்வர்ல நானும் சித்தி பையனும் தவிர கிட்டத்தட்ட எல்லாருமே புள்ளி வெச்ச பேருதான்.

அவனுக கட்டினதைப் பார்க்கணும் நீங்க. கேம்ல கம்பளிக்குப் பதினாறு நிறம் இருக்கு. அந்தப் பதினாறையும் வெச்சு ஒரு முழு பனியன் கம்பெனி: நிட்டிங், கட்டிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங். பக்கத்துல ஒரு சாயப்பட்டறை. 2011ல ஐகோர்ட் உத்தரவுல சாயப்பட்டறைகளை மூடின கதையை வீட்ல கேட்டு வளர்ந்த பையன் ஒருத்தன், சுத்திகரிப்பு நிலையம் கட்டாம ஆத்துல தண்ணி விடக்கூடாதுன்னு சண்டை போட்டு நிறுத்திட்டான். கேம்லயும் நொய்யல்.

இப்போ பாலத்துக்கு வர்றேன்.

இங்க ஒன்றரை ஷிப்ட் ஓடற கம்பெனி நிறைய. ஒருத்தன் வர்றப்போ இன்னொருத்தன் போவான். கேம்ல பேசற பேச்சு, அந்த நேரத்துல கேம்ல இருக்கறவங்களுக்கு மட்டும்தான். டீ டைம்ல கேம் திறக்க முடியாது, ஆனா டிஸ்கார்டை ஒரு பார்வை பார்க்கலாம். அதனால கேம் சாட்டையும் டிஸ்கார்டையும் இணைக்கலாம்னு முடிவு பண்ணோம். கேம்ல டைப் பண்ணா டிஸ்கார்டுல தெரியும், டிஸ்கார்டுல டைப் பண்ணா கேம்ல தெரியும்.

இதுக்கு டிஸ்கார்ட்எஸ்ஆர்வின்னு ரெடிமேட் பிளகின் இருக்கு, பெரும்பாலானவங்க அதைத்தான் போடுவாங்க. சித்தி பையன் ஐடி வேலைக்காரன், நானே எழுதறேன்னான். அவன் பண்ணது இதுதான். சர்வர் எழுதற லாக் ஃபைலை ஒரு சின்ன ஸ்கிரிப்ட் படிச்சுக்கிட்டே இருக்கும். யாராவது பேசின வரி வந்தா, அதை வெப்ஹுக் வழியா டிஸ்கார்டுக்குத் தள்ளும். வெப்ஹுக்னா ஒரு முகவரி, அவ்வளவுதான். அந்த முகவரி தெரிஞ்சா எதை வேணும்னாலும் அந்த சேனல்ல போடலாம். பேரையும் நாமளே வெச்சுக்கலாம், அதனால ஒவ்வொரு வரியும் அந்தப் பையனே டிஸ்கார்டுல டைப் பண்ண மாதிரி இருக்கும். திரும்பி வர்ற வழி வேற. அதுக்கு ஒரு போட் டிஸ்கார்டுல உக்காந்து எல்லார் பேச்சையும் கேட்டு, ஆர்கான்ங்கற வாசல் வழியா சர்வருக்கு உள்ள கொண்டு போகும்.

போற வழி வேற, வர்ற வழி வேற. இதை ஞாபகம் வெச்சுக்கங்க.

பாலம் போட்ட முதல் வாரம் எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு சொல்ல முடியாது. நைட் டூட்டில ரெண்டு கேஸுக்கு நடுவுல போனைப் பார்த்தா, எவனோ எரிமலைக் குழம்புல விழுந்து செத்த செய்தி வந்திருக்கும். கீழே பத்துப் பேர் சிரிச்சிருப்பாங்க. தமிழ்ல டைப் பண்ணா கேம்ல கொம்பும் காலும் இடம் மாறி உடைஞ்சு தெரியும். அதனால எல்லாம் தங்கிலீஷ்தான். பசங்க என்னை டாக்டர் அண்ணான்னு கூப்பிடுவாங்க. காய்ச்சல், வயித்து வலி, ஊசி விரல்ல ஏறினதுன்னு கேட்பாங்க, நானும் சொல்லுவேன்.

நவம்பர் கடைசில சித்தி பையன் அந்த ஸ்கிரிப்ட்டை அப்டேட் பண்ணான். டிஸ்கார்டு அந்த வருஷம் ஒரு விதியைக் கடுமையாக்கி இருந்தாங்க. மத்தவங்க எழுதினதைப் போட் படிக்கணும்னா அதுக்குன்னு தனியா ஒரு அனுமதி கேட்கணும். புது லைப்ரரில அதைக் கோட்லயும் எழுதிக் கேட்கணும். இவன் கேட்கலை. போட் ஆன்ல இருக்கும், பச்சை விளக்கு எரியும், செய்தி வந்ததும் தெரியும், உள்ள என்ன எழுதியிருக்குன்னு மட்டும் வெறுமையா வரும். அதனால டிஸ்கார்டுல இருந்து கேமுக்குள்ள ஒரு வரியும் வரலை.

மூணு நாள் கேம்ல வெளிப் பேச்சே இல்லை. பாலம் செத்துப்போச்சுன்னு நினைச்சேன். கேம் சாட்லயே அப்படி டைப்பும் பண்ணேன், "பிரிட்ஜ் அவுட், இப்ப நாமதான்"னு. அந்த வரியும் டிஸ்கார்டுக்குப் போயிருக்கு.

அன்னைக்கு ராத்திரி ஒரு மணி இருக்கும். கேம்ல நானும் அவனும்தான். இருபத்திரண்டு வயசு, தென் மாவட்டத்துப் பையன், ஃபிளாட்லாக் மெஷின் ஓட்டறவன். அவன் டைப் பண்ணான்: அண்ணா, சளி டெஸ்ட்ல டிபி பாசிட்டிவ்னு சொல்லிட்டாங்க.

ஓபில என் டேபிளைச் சுத்தி எப்பவும் நாலு பேர் நிப்பாங்க. அந்தக் கூட்டத்துல யாராவது இப்படிச் சொல்ல வந்தா, நான் கை காமிச்சு நிறுத்தி, மத்தவங்களை வெளிய போகச் சொல்லிட்டுத்தான் பேசுவேன். அது எனக்குப் பழக்கம். ஆனா அங்க யாரையும் காணோமே. ரெண்டு பொம்மை மட்டும் ஒரு மரக் குடிசைக்குள்ள நிக்குது. பேசினேன்.

நல்லாத்தான் பேசினேன், அதுதான் கொடுமை. பயப்படாதே, ஆறு மாசம் மாத்திரை, ஒரு நாளும் விடாம சாப்பிட்டா முழுசா குணமாயிடும். மாத்திரை ஆரம்பிச்சு கொஞ்ச நாள்லயே பரவற தன்மை நல்லா குறைஞ்சிடும், முதல் ரெண்டு வாரம் மாஸ்க் போட்டு தனியாப் படு. தட்டு, டம்ளர்ல பரவாது, காத்துலதான் பரவும். சத்துணவுக்கு மாசம் 500 ரூபா பேங்க்ல வரும் (2024 நவம்பர்ல இருந்து அது 1000). அப்புறம் கேட்டேன், ரூம்ல எத்தனை பேருடா? ஆறு பேருண்ணா. அவங்க எல்லாரையும் டெஸ்ட் பண்ணச் சொல்லணும்னு டைப் பண்ணேன். அவன், அவங்களுக்கு இன்னும் தெரியாதுண்ணா, தெரிஞ்சா ரூம்ல விடமாட்டாங்கன்னான்.

அவங்கள்ல மூணு பேர் எங்க டிஸ்கார்டுல இருந்தாங்க. அவன்தான் சேர்த்துவிட்டிருந்தான்.

மறுநாள் காலைல சித்தி பையன் போன் பண்ணி, டிஸ்கார்டைப் பாருன்னான். பார்த்தேன். எங்க பேச்சு வரி வரியா அங்க கிடந்தது. அதுக்கு நடுவுல நைட் ஷிப்ட் பசங்க கத்தியிருக்காங்க: அண்ணா இங்க தெரியுது. டேய் நிறுத்துங்கடா. அண்ணா ப்ளீஸ். ஒருத்தன் எனக்கு ரெண்டு தடவை கால் பண்ணியிருக்கான், போன் சைலன்ட்ல இருந்தது. அவனுக சொன்னது ஒண்ணும் கேம்ல எங்களுக்கு வரலை.

எல்லாத்தையும் அழிச்சேன். அதுக்குள்ள நோட்டிஃபிகேஷன் போன் போனாப் போயாச்சு, ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்தாச்சு. அன்னைக்குச் சாயங்காலமே அவன் பையை லைன் வீட்டுத் திண்ணைல எடுத்து வெச்சுட்டாங்க. காண்ட்ராக்டர் கோபமெல்லாம் படலை, சரியானப்புறம் வா தம்பின்னு கணக்கு முடிச்சுக் குடுத்துட்டார். ரெண்டு ராத்திரி அவன் புது பஸ் ஸ்டாண்ட்ல படுத்திருக்கான். எனக்குப் போன் பண்ணலை. நான் பண்ணதையும் எடுக்கலை.

மூணாவது நாள் எடுத்தான். மன்னிப்புக் கேட்டேன். பரவால்லண்ணான்னான். பரவால்லன்னு சொல்ற குரல் இல்லை அது. நான் அந்த ரூமுக்குப் போய்ப் பேசட்டுமான்னு கேட்டேன். போங்கண்ணா, நான் வரலைன்னான்.

ஞாயித்துக்கிழமை போனேன். பத்துக்குப் பத்து ரூம், கொசுவுக்குப் பயந்து ஜன்னலை அட்டை வெச்சு அடைச்சிருந்தாங்க. அஞ்சு பேரும் இருந்தாங்க. கெட்டவங்க இல்லை, பயந்தவங்க. ஒருத்தர் மட்டும் வயசுல பெரியவர், பொறுமையா கேட்டார்: ஏனுங்க டாக்டர், அவன் உங்ககிட்ட சொன்னதை எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே? கூடப் படுக்கறது நாங்கதானுங்களே? அவர் சொன்னதுல தப்பில்லை. பதில் சொல்ல எனக்கு நேரம் ஆச்சு. சொல்லியிருப்பான், அவனே, அவன் நேரத்துல, அந்த ஒரு நாளை நான்தான் பிடுங்கிட்டேன்னு சொன்னேன். ஜன்னல் அட்டையை எடுக்கச் சொன்னேன். அஞ்சு பேரும் அந்த வாரம் டெஸ்ட் எடுத்தாங்க, யாருக்கும் இல்லை.

அவன் ஊருக்குப் போயிட்டான். நிக்ஷய் நம்பர் இருந்ததால மாத்திரையை ஊர்ப் பக்க அரசு மையத்துக்கு மாத்திக் குடுத்தாங்க, அதுல சிக்கல் இல்லை.

சர்வர்ல என்ன மாத்தினோம்னு கேட்பீங்க. போட்டுக்கு அந்த அனுமதியைக் குடுக்க அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு. ஆனா நான் பாலத்தை ஒரு மாசம் மூடி வெச்சேன். திரும்பத் திறந்தப்போ, ஆச்சரியக்குறி போட்டு ஆரம்பிக்கற வரி மட்டும்தான் கேமுக்கு வெளிய போகும்னு எழுத வெச்சேன். மத்ததெல்லாம் உள்ளயே நிக்கும். யாரு உள்ள வந்தாலும் முதல் வரி அதைச் சொல்லும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை போட் தனக்குத்தானே ஒரு செய்தி அனுப்பி, போய்த் திரும்பி வருதான்னு பார்க்கும். வரலைன்னா போற வழியையும் மூடிடும். ஒரு பக்கம் மட்டும் திறந்த கதவு வேண்டவே வேண்டாம்னு சித்தி பையன்கிட்ட கத்தியே சொன்னேன், பாவம் அவன். மருத்துவக் கேள்வின்னா இப்போ யாருக்கும் சாட்ல பதில் சொல்றதில்லை, போன் பண்ணுடான்னு ஒரு வரி போடறதோட சரி. பசங்க கிண்டல் பண்றாங்க, பண்ணட்டும்.

2023 ஜூன் கடைசி, ஒரு சனிக்கிழமை ராத்திரி. சம்பள நாள், கேம்ல கூட்டம். புள்ளி வெச்ச ஒரு பேரு உள்ள வந்துச்சு. ஆறு மாசமா வராத பேரு. சாயப்பட்டறை பக்கத்துல போய் ரொம்ப நேரம் சும்மா நின்னான்.

அப்புறம் டைப் பண்ணான்: அண்ணா, இது வெளிய போகுதா?

ஆச்சரியக்குறி போட்டாத்தான் போகும், இல்லேன்னா போகாதுன்னு எழுதினேன்.

ஒரு நிமிஷம் ஒண்ணும் வரலை. அப்புறம் வந்துச்சு:

!மாத்திரை முடிஞ்சிருச்சு

டிஸ்கார்டுல இருந்து முதல்ல பதில் போட்டது அந்த ரூம்காரங்கள்ல ஒருத்தன். எப்படா வர்றேன்னு கேட்டிருந்தான்.