பெயர் கொடுத்த ஊர்

பொம்பதூர் என்றதும் படித்தவர்களுக்கு ஓர் அம்மாள்தான் நினைவுக்கு வருவாள். பதினைந்தாம் லூயி மன்னனின் ஆசைநாயகி. நெற்றிக்கு மேலே மயிரைத் தூக்கி வாரும் மோஸ்தருக்குக்கூட அவள் பெயர்தான் வழங்குகிறது. ஆனால் பொம்பதூர், பிரான்சில் லிமூஸேன் பிரதேசத்தின் மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிற்றூர். ஒரு பழைய கோட்டை, குதிரைகள், அவ்வளவுதான் ஊர்.

அவளுடைய பிறந்த வீட்டுப் பெயர் புவாஸோன். பிரெஞ்சில் அதற்கு மீன் என்று அர்த்தம். அரசவைக்குள் நுழைய ஒரு பட்டம் வேண்டுமே! பொம்பதூர்ப் பிரபுக்களின் வம்சம் அற்றுப் போயிருந்தது. 1745ல் மன்னன் கோட்டையையும் பட்டத்தையும் சேர்த்து அவளுக்குக் கொடுத்துவிட்டான். பாரிஸ்காரர்கள் விடுவார்களா? மீனை வைத்தே வசைப்பாட்டுக் கட்டினார்கள். அந்த ரகப் பாட்டுக்குப் 'புவாஸோனாத்' என்று தனிப் பெயரே ஏற்பட்டுவிட்டது.

இவ்வளவுக்கும் அந்த அம்மாள் பொம்பதூரில் கால் வைத்ததே இல்லை. 1764ல் வெர்ஸேல்ஸில் காலமானாள். நாற்பத்திரண்டு வயது.

அவள் எட்டிப் பார்க்காத ஊரில் 1761லேயே அரசாங்கக் குதிரைப் பண்ணை வந்துவிட்டது. ராஜாக்களுக்குப் பட்டாளத்துக் குதிரை வேண்டும். 1790ல் புரட்சிக்காரர்கள் அரச பண்ணைகளைக் கலைத்தார்கள்; யுத்தம் வந்ததும் அவர்களுக்கும் குதிரை வேண்டியிருந்தது. பண்ணை மறுபடி பிழைத்தது.

ஊருக்கு உண்மையான கீர்த்தி பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். அரபுக் குதிரைக்குக் களைக்காத உடம்பு; இங்கிலீஷ் பந்தயக் குதிரைக்கு வேகம். இரண்டையும் இணைத்து ஆங்கிலோ-அரபு என்ற ஜாதியை இங்கே வளர்த்தார்கள். 1840களில் பண்ணையை நடத்திய எழேன் கயோ என்பவர் அதற்கு ஓர் ஒழுங்கு ஏற்படுத்தினார். மசூத் என்று ஓர் அரபுக் குதிரை, அஸ்லான் என்று ஒரு துருக்கிக் குதிரை, இங்கிலாந்திலிருந்து வந்த மூன்று பெட்டைகள். இவைதான் மூலம்.

என்னை உறுத்துவது அந்தப் பெட்டைகளின் விஷயம். ஒன்றுக்கு டேர் என்று பெயர் இருந்தது. மற்ற இரண்டும் ஏட்டில் 'கோமஸின் பெட்டை', 'செலிமின் பெட்டை' என்றே பதிவாகியிருக்கின்றன. கோமஸும் செலிமும் தகப்பன் குதிரைகள். ஒரு பெண் தகப்பன் பெயரை மறைக்க இந்த ஊரின் பெயரைப் போர்த்திக்கொண்டாள். அதே ஊருக்கு வந்து ஒரு ஜாதியையே ஈன்ற தாய்களுக்கோ தகப்பன் பெயரைத் தவிர வேறு பெயரே கிடைக்கவில்லை.

குட்டிகளுக்கு மட்டும் அந்தக் குறை இல்லை. மூன்றும் பெட்டைக் குட்டிகள். தெல்பீன், தனாயே, குளோவிஸ் என்று பெயரிட்டார்கள். குளோவிஸ் பழைய பிராங்கிய ராஜா ஒருவனின் பெயர். பெட்டைக் குட்டிக்கு அதை எந்தப் புண்ணியவான் வைத்தானோ!