ஒரு டின் சாடின்

2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய நாள். கோலாலம்பூர் வாடகை அறையில் என்னிடம் இருந்தவை அரிசி, புளி, மிளகாய்த்தூள், கொஞ்சம் வெங்காயம், மூன்று டின் சாடின்.

தோட்டத்தில் இருந்தபோது சம்பளத்துக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டில் சாடின்தான். பள்ளிக்குக் கட்டிக்கொண்டு போக வெட்கப்படுவேன். அன்று அதையே சமைத்தேன். வெங்காயம் வதக்கி, தூள் போட்டு, புளி கரைத்து ஊற்றி, கடைசியில் மீனை உடையாமல் இறக்கிவிட்டேன். குழம்பு கெட்டியாகத்தான் வந்தது. ஆனால், அம்மா வைக்கும் ருசி இல்லை.

போன் போட்டேன்.

"தண்ணி எவ்ளோ ஊத்துன?"

"அரை டம்ளர்."

அம்மா சிரித்தார். "நான் டின்ன ரெண்டு தடவ கழுவி ஊத்துவேன்டா. அஞ்சு பேருக்கு ஒரு டின்னுல்ல."

"இன்னிக்கு அங்க என்ன சமையல்மா?"

"ரசம்தான். ஒரு ஆளுக்கு எதுக்கு ஒரு டின்ன உடைக்கணும்?"

மறுநாள் டின்னை இரண்டு தடவை கழுவி ஊற்றினேன். தண்ணிக் குழம்பு சோறு முழுக்க இறங்கியது. அதே ருசி.

மூன்றாவது டின்னை உடைக்கவில்லை. மாநிலம் கடக்க விட்டதும் ஊருக்கு எடுத்துப்போக வேண்டும்.